ஒரு ராண்ட் போகும் வழி: சமூகப் பணிக்கு இணையத்தில் நிதி திரட்டுவோருக்கு

2022 ஏப்ரலில் தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டால் மாகாணத்தைப் புரட்டிப் போட்ட வெள்ளத்தில் டோங்காட் ஊரின் நீர் சுத்திகரிப்பு நிலையம் சிதைந்து, அங்குள்ள குழாய்கள் மாதக்கணக்கில் வறண்டு கிடந்தன. அப்போது டர்பனின் சாட்ஸ்வர்த்தில் இருக்கும் எங்கள் சிறிய சங்கம், அந்த ஊர்ப் பள்ளி ஒன்றுக்கு மழைநீர் சேமிக்கும் ஜோஜோ தொட்டிகள் வைத்துத் தருவதற்காக இணையத்தில் நிதி திரட்டியது. பணம் பத்தே நாளில் வந்துவிட்டது. ஆனால் எந்தத் தொகையை யார் கொடுத்தார், அதில் கட்டணம் போக எவ்வளவு நம் கணக்கில் விழுந்தது, யாருக்கு என்ன ரசீது அனுப்ப வேண்டும் என்று ஒவ்வொன்றாக ஒத்துப்பார்த்து முடிக்க இரண்டு மாதம் பிடித்தது. பொருளாளர் என்ற முறையில் அந்த இரண்டு மாதமும் இரவில் சாப்பாட்டு மேசையில் வங்கி அறிக்கையோடு உட்கார்ந்திருந்தவன் நான். அந்த உழைப்பில் பெரும்பகுதி தேவையே இல்லாதது என்பதும், தொடங்குவதற்கு முன் ஒரு மாலை நேரம் ஒதுக்கியிருந்தால் அதைத் தவிர்த்திருக்கலாம் என்பதும் பிறகுதான் புரிந்தது.

ஆகவே இந்தக் குறிப்புகள் முழுவதும் ஒரே வேலையைச் சுற்றித்தான் போகும். நிதி திரட்டும் பக்கத்தைத் திறப்பதற்கு முன், கொடுப்பவரின் கைப்பேசியிலிருந்து கிளம்பும் ஒரு ராண்ட் எந்தெந்தக் கைகளின் வழியாக, எவ்வளவு குறைந்து, எத்தனை நாளில், எந்தச் சான்றோடு உதவி பெறுபவரிடம் போய்ச் சேரும் என்பதை ஒரு தாளில் வரைந்துவிடுங்கள். செயலிகளும் கியூஆர் குறியீடுகளும் அந்தப் பாதையை வேகப்படுத்தும். ஆனால் பாதை எது என்று தீர்மானிக்க வேண்டியது நாம்தான்.

கூட்டாகப் பணம் போட்டுப் பொதுக்காரியம் செய்வது இந்த மண்ணில் நமக்குப் புதிதல்ல. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ கப்பல் டர்பன் துறைமுகத்தில் இறக்கிவிட்ட ஒப்பந்தக் கூலிகளின் வழிவந்தவர்கள், கோயில்களையும் பள்ளிக்கூடங்களையும் பெரும்பாலும் தங்கள் சொந்தச் சந்தாவில்தான் எழுப்பினார்கள். இந்திய அரசின் முதல் பிரதிநிதியாக 1927இல் இங்கு வந்த வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியின் வேண்டுகோளை ஏற்று மக்கள் கொடுத்த நன்கொடையில்தான் சாஸ்திரி கல்லூரி கட்டப்பட்டு 1929இல் திறக்கப்பட்டது. அன்று சந்தா வாங்க வந்தவரையும் கொடுத்தவரையும் ஊருக்குத் தெரியும். இன்று டொரன்டோவில் இருக்கும் பேத்தி, தான் பார்த்திராத ஒரு சங்கத்துக்கு நள்ளிரவில் பணம் அனுப்புகிறாள். அந்த முகப்பழக்கத்தின் இடத்தை எதைக் கொண்டு நிரப்புவது என்பதே திரள்நிதி என்று சொல்லப்படும் இந்தக் கிரவுட்ஃபண்டிங் முறையின் உண்மையான சிக்கல்.

யார் பெயரில், எந்த வகையில்

திரள்நிதியில் நான்கு வகை உண்டு: திரும்ப எதையும் எதிர்பார்க்காத நன்கொடை, சிறு பரிசோ பொருளோ தரும் முறை, கடன், பங்கு. சமூகப் பணிக்கு முதல் வகையே போதும். தென்னாப்பிரிக்காவில் திரள்நிதிக்கென்று தனிச்சட்டம் இல்லாததால், ஏற்கெனவே உள்ள சட்டங்கள்தான் ஒவ்வொரு வகைக்கும் பொருந்தும். “இப்போது கொடுங்கள், இரண்டு வருடத்தில் வட்டியோடு தருகிறோம்” என்று ஒரு சங்கம் பொதுமக்களிடம் பணம் வாங்கினால், அது 1990ஆம் ஆண்டு வங்கிகள் சட்டத்தின்படி உரிமமின்றி வைப்புத்தொகை பெறும் குற்றமாகிவிடக்கூடும். நல்லெண்ணத்தோடு செய்தாலும் சட்டத்தின் பார்வையில் வேறுபாடு இல்லை. குலுக்கல் சீட்டு விற்பதும் அப்படித்தான்; நற்காரியத்துக்கான ராஃபிள் என்றாலும் 1997ஆம் ஆண்டு லாட்டரிகள் சட்டத்துக்கு உட்பட்டது, தேசிய லாட்டரி ஆணையத்தில் கேட்காமல் தொடங்கக்கூடாது.

அடுத்தது பெயர். தனி மனிதரின் சேமிப்புக் கணக்கில் ஊர்ப் பணத்தை வாங்குவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், அவர் நோய்வாய்ப்பட்டாலோ காலமானாலோ அந்தப் பணம் அவருடைய சொத்தோடு கலந்து முடங்கிவிடும். எழுதப்பட்ட விதிமுறையும், இரண்டு பேர் ஒப்புதல் இல்லாமல் பணம் வெளியே போகாத வங்கிக் கணக்கும் கொண்ட ஒரு தன்னார்வச் சங்கம் குறைந்தபட்சத் தேவை. அந்தச் சங்கத்தைச் சமூக மேம்பாட்டுத் துறையில் 1997ஆம் ஆண்டு இலாபநோக்கற்ற அமைப்புகள் சட்டத்தின்கீழ் பதிவு செய்வதற்குக் கட்டணம் கிடையாது. பதிவு செய்தபின் நிதியாண்டு முடிந்த ஒன்பது மாதத்துக்குள் ஆண்டறிக்கை அனுப்ப வேண்டும். இதை மறந்துவிட்ட சங்கங்கள் பலவற்றை எனக்குத் தெரியும். பதிவு எண்ணைச் சுவரொட்டியில் அச்சிட்டிருப்பார்கள், ஆனால் பதிவு உயிரோடு இருக்காது.

வங்கியில் கணக்குத் திறக்கப் போகும்போது விதிமுறையின் நகல், கையொப்பமிடும் உரிமை யாருக்கு என்ற தீர்மானம், ஒவ்வொருவரின் அடையாள அட்டை, மூன்று மாதத்துக்கு மேற்படாத முகவரிச் சான்று ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். 2001ஆம் ஆண்டு நிதிப் புலனாய்வு மையச் சட்டம் கேட்கும் இந்தத் தாள்களையே இங்கு எல்லோரும் ஃபிக்கா என்று சொல்கிறோம். 2023 பிப்ரவரியில் பன்னாட்டு நிதி நடவடிக்கைக் குழு, கறுப்புப் பணத்தைத் தடுப்பதில் குறையுள்ள நாடுகளின் சாம்பல் பட்டியலில் தென்னாப்பிரிக்காவைச் சேர்த்தது. 2025 அக்டோபரில் விடுவித்தது. இடைப்பட்ட காலத்தில் தொண்டு அமைப்புகளின் நிர்வாகிகள் பற்றி வங்கிகள் கேட்கும் கேள்விகள் கூடின. அவற்றை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளாமல், ஒரு கோப்பில் எல்லாத் தாளையும் சேர்த்து வைத்திருப்பதே எளிது. கணக்குத் திறக்க ஆகும் வாரங்களைக் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் பிரசாரத் தேதியைக் குறிக்க வேண்டும்.

பதினெட்டு-ஏ ரசீது

கொடுப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி, “பதினெட்டு-ஏ கிடைக்குமா?” என்பதுதான். வருமான வரிச் சட்டத்தின் 18ஏ பிரிவின்படி, அங்கீகாரம் பெற்ற பொதுநல அமைப்புக்குக் கொடுக்கும் நன்கொடையை, வரிக்குரிய வருமானத்தில் 10 சதவீதம் வரை கொடையாளர் கழித்துக்கொள்ளலாம். அதற்கு மேற்பட்டதை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசெல்லலாம். இதில் நம் சங்கங்கள் அடிக்கடி தடுமாறும் இடங்கள் சில உண்டு.

சமூக மேம்பாட்டுத் துறையின் பதிவும் இந்த அங்கீகாரமும் வேறு வேறு. இதைத் தருவது சார்ஸ், அதாவது நாட்டின் வருவாய்த் துறை. பொதுநல அமைப்பு என்ற தகுதிக்கு, ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத குறைந்தது மூன்று பேர் நிர்வாகப் பொறுப்பை ஏற்றிருக்க வேண்டும். கணவர் தலைவர், மனைவி செயலாளர், மைத்துனர் பொருளாளர் என்று நடக்கும் சங்கம் எவ்வளவு நல்ல காரியம் செய்தாலும் இந்த இடத்தில் நின்றுவிடும். தனி ஒருவர் எல்லா முடிவையும் எடுக்கும் அமைப்புக்கும் இடமில்லை.

அடுத்த தடுமாற்றம் கோயில்கள் பற்றியது. சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணையில் இரண்டு பகுதிகள் உள்ளன. சமயப் பணி முதல் பகுதியில் வருவதால் கோயில் பொதுநல அமைப்பாக வரிவிலக்குப் பெறலாம். ஆனால் 18ஏ ரசீதுக்கு உரிய இரண்டாம் பகுதியில் சமயம் இல்லை. கோபுரத் திருப்பணிக்கோ காவடித் திருவிழாவுக்கோ கொடுத்த பணத்துக்கு அந்த ரசீது கொடுக்க முடியாது. அதே கோயில் நடத்தும் ஏழைகளுக்கான உணவளிப்பு, கல்வி உதவி, மருத்துவ உதவி போன்றவை இரண்டாம் பகுதியில் அடங்கக்கூடும். அதற்கு அங்கீகாரம் பெற்று, அந்தப் பணத்தைத் தனியாகக் கணக்கு வைத்து, அந்த வேலைக்கே செலவானது என்பதற்குத் தணிக்கைச் சான்றும் வைத்திருக்க வேண்டும். என் கருத்தில், இதற்கென்று வேறொரு வங்கிக் கணக்கே வைத்துவிடுவது நல்லது. திருப்பணி நிதியும் அன்னதான நிதியும் ஒரே கணக்கில் கலந்துவிட்டால், பிறகு எந்த வல்லுநராலும் அவற்றைப் பிரிக்க முடியாது.

இன்னொன்று, ரசீதுக்கு வேண்டிய விவரங்கள். 2023 மார்ச் 1 முதல், கொடுத்தவர் தனி மனிதரா நிறுவனமா என்பது, அடையாள எண், இருந்தால் வரி எண், தொடர்பு எண், ரசீதின் தனி வரிசை எண் ஆகியவையும் ரசீதில் இருக்க வேண்டும்; இந்த விவரங்களை அமைப்பு சார்ஸுக்கும் அனுப்ப வேண்டும். ஆகவே நன்கொடை செலுத்தும் படிவத்திலேயே, “வரி ரசீது வேண்டுமா?” என்ற கேள்வியை வைத்து, ஆம் என்பவரிடம் மட்டும் இந்த விவரங்களைக் கேளுங்கள். 50 ராண்ட் கொடுக்க வந்தவரிடம் அடையாள எண் கேட்டால் அவர் பக்கத்தை மூடிவிட்டுப் போய்விடுவார். நாங்கள் இதைச் செய்யாமல், பணம் வந்தபின் ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்து எண் கேட்டோம். மோசடிக்காரர்கள் நிறைந்த இந்தக் காலத்தில், முன்பின் தெரியாத ஒருவர் அழைத்து அடையாள எண் கேட்டால் யார்தான் சொல்வார்கள்?

விருந்துச் சீட்டு, ஏலத்தில் எடுத்த பொருள் போன்று திரும்ப ஏதேனும் பெற்றுக்கொண்டு கொடுத்த பணத்துக்கு இந்த ரசீது இல்லை. ஒரு குழந்தையின் அறுவை சிகிச்சைக்காகக் குடும்பமே நடத்தும் நிதி திரட்டலுக்கும் இல்லை. தனி மனிதரின் வரியாண்டு பிப்ரவரி கடைசி நாளில் முடிகிறது என்பதால், வரிச்சலுகையை எண்ணிக் கொடுப்பவர்களை எட்ட வேண்டுமானால் பிப்ரவரியின் முதல் இரண்டு வாரங்களில் கேட்க வேண்டும்.

மேடையும் அதன் கட்டணமும்

2007இல் தொடங்கப்பட்ட பேக்-அ-படி, நிதி திரட்டுவதற்குத் தென்னாப்பிரிக்காவில் பரவலாகத் தெரிந்த இணைய மேடை. தனி மனிதரும் தொண்டு அமைப்பும் அதில் பக்கம் திறக்கலாம். கிவன்கெயின் தொண்டு அமைப்புகளுக்காக நடக்கிறது. கோஃபண்ட்மீ போன்ற வெளிநாட்டு மேடைகளைக் கருதினால், அவை எந்தெந்த நாட்டு வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பும் என்ற பட்டியலை முதலில் பாருங்கள். பட்டியலில் நம் நாடு இல்லாதபோது, சிட்னியில் இருக்கும் மருமகன் பெயரில் பக்கம் திறந்து அவர் இங்கே அனுப்புவார் என்ற ஏற்பாட்டைச் சிலர் செய்கிறார்கள். அப்போது பணம் சட்டப்படி அவர் கையில் இருக்கிறது, வரிக் கேள்வியும் அவரிடமே கேட்கப்படும், கொடுத்தவர்களுக்கோ இரண்டு நாடுகளுக்கு நடுவில் நடப்பது தெரியாது. மேடை எதுவும் இல்லாமல், சங்கத்தின் சொந்த இணையப் பக்கத்தில் கொடையாளர் கட்டும் பணத்தை வாங்கி நம் வங்கிக் கணக்கில் சேர்க்கும் பேஃபாஸ்ட் போன்ற பேமெண்ட் கேட்வே ஒன்றை இணைத்தும் செய்யலாம். கட்டணம் குறையும், ஆனால் மேடையின் பெயர் தரும் நம்பிக்கையும் அதன் சரிபார்ப்பும் கிடைக்காது. முதல் முறை செய்பவர்கள் மேடையில் தொடங்குவதே சரி என்று நினைக்கிறேன்.

மேடையின் விதிகளில் கட்டாயம் படிக்க வேண்டியது, இலக்கை எட்டாவிட்டால் என்ன ஆகும் என்ற பத்தி. முழுத் தொகையும் சேர்ந்தால்தான் பணம் வரும், இல்லாவிட்டால் எல்லோருக்கும் திரும்பிப்போகும் என்பது ஒரு முறை. வந்தது எவ்வளவானாலும் நமக்கே என்பது இன்னொரு முறை. இரண்டாவதைத் தேர்ந்தால், பாதிப் பணம்தான் வந்தது என்றால் என்ன செய்வீர்கள் என்பதைப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். நான்கு தொட்டிக்குக் கேட்டு இரண்டுக்கு வந்தால் இரண்டு வைக்கலாம். ஆனால் ஒரு சக்கர நாற்காலியில் பாதியை வாங்க முடியாது.

இனி எண்கள். கட்டண விகிதங்கள் மேடைக்கு மேடை வேறுபடும், மாறிக்கொண்டும் இருக்கும். ஆகவே கணக்குப் போடும் முறையைக் காட்டுவதற்காக மட்டும் சில விகிதங்களை வைத்துக்கொள்வோம். மேடைக்கு 5 சதவீதம், கார்டு வழிச் செலுத்தலுக்கு 3 சதவீதமும் ஒவ்வொரு முறைக்கு 2 ராண்டும், இந்தக் கட்டணங்களின் மேல் 15 சதவீத வாட் என்னும் மதிப்புக் கூட்டு வரி. ஒருவர் 200 ராண்ட் கொடுத்தால் மேடைக்கு 10, கார்டுக்கு 6, கூடவே 2, ஆக 18. வாட் சேர்த்தால் 20 ராண்ட் 70 சென்ட். கையில் வருவது 179 ராண்ட் 30 சென்ட். வாட் பதிவு இல்லாத சங்கம் அந்த வரியைத் திரும்பப் பெறவும் முடியாது. தொட்டிகளுக்கு 60,000 ராண்ட் தேவை என்றால், 300 பேர் 200 வீதம் கொடுத்தால் போதும் என்று நினைப்போம். உண்மையில் கிடைப்பது 53,790 ராண்ட்தான். முழுத் தேவையும் நிறைவேற 335 பேர் வேண்டும். இலக்காக 67,000 என்று அறிவிக்க வேண்டும். அறிவிக்கும்போது, தேவை இவ்வளவு, கட்டணம் இவ்வளவு என்று இரண்டையும் பிரித்துக் காட்டுங்கள். மறைத்துவிட்டுப் பின்னால் விளக்கும் கட்டணம்தான் சந்தேகத்தைக் கிளப்புகிறது.

சிறு தொகையில் இந்தக் கணக்கு இன்னும் கடுமையாகும். ஓய்வூதியத்தில் வாழும் ஒரு ஆயா 20 ராண்ட் கொடுத்தால், அதே விகிதத்தில் 4 ராண்ட் 14 சென்ட் கட்டணமாகப் போய்விடுகிறது. ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். அவர் கொடுத்த இருபதில் ஒவ்வொரு சென்ட்டும் அவருக்குப் பெரிது. அதை வழியிலேயே இழப்பது எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆகவே சிறு தொகைகளுக்குக் கார்டு வழியை முன்வைக்காமல், வெள்ளிக்கிழமைப் பூசைக்குப் பிறகு உண்டியலிலோ ரசீதுப் புத்தகத்திலோ வாங்கி, அந்தத் தொகையை மேடையின் பக்கத்தில் நேரில் பெற்ற நன்கொடை என்று பதிந்துவிடுகிறோம். உண்டியலை இருவர் எண்ணி இருவரும் கையெழுத்திட வேண்டும். 50,000 ராண்டும் அதற்கு மேலும் ரொக்கமாக வந்தால் வங்கி அதை நிதிப் புலனாய்வு மையத்துக்குத் தெரிவிக்கும். அது இயல்பான நடைமுறை, அஞ்ச வேண்டியதில்லை. அதைத் தவிர்ப்பதற்காகத் தொகையைத் துண்டுதுண்டாகப் பிரித்துக் கட்டுவதுதான் உண்மையில் சிக்கலில் மாட்டிவிடும்.

பணம் வரும் வாய்க்கால்கள்

ஈஎஃப்டி என்னும் வங்கிப் பரிமாற்றம் நம் மக்கள் நன்றாக அறிந்தது, செலவும் குறைவு; ஆனால் வேறு வங்கியிலிருந்து வரும் சாதாரணப் பரிமாற்றம் சேர ஓரிரு வேலைநாள் ஆகும். 2023 மார்ச்சில் தொடங்கிய பேஷாப் முறையில் கைப்பேசி எண்ணையே கணக்கின் அடையாளமாக்கி, சில நொடிகளில் பணம் அனுப்பலாம். தொடக்கத்தில் ஒரு முறைக்கு 3,000 ராண்ட் என்ற உச்சவரம்பு இருந்தது, பிறகு உயர்த்தப்பட்டது. போன பணம் திரும்பாது என்பதால், அனுப்புமுன் திரையில் சங்கத்தின் பெயர் சரியாகத் தெரிகிறதா என்று பார்க்கும்படி கொடையாளர்களுக்குச் சொல்லுங்கள். ஸ்நாப்ஸ்கேன், ஸாப்பர் போன்ற கியூஆர் முறைகள் விழா மண்டபத்திலும் கடை முகப்பிலும் நன்றாகப் பயன்படும். மாதந்தோறும் கொடுப்பவர்களுக்கு, அவர்கள் கணக்கிலிருந்து தானாகவே பணம் எடுக்கப்படும் டெபிட் ஆர்டர் உண்டு. டெபிசெக் முறையில் கொடையாளர் தம் வங்கி வழியாகத் தாமே ஒப்புதல் தருவதால் பின்னால் தகராறு குறையும்.

வெளிநாட்டில் குடியேறிய பிள்ளைகள் கொடுக்க விரும்பினால் கார்டு வழியே எளிது. பெரிய தொகையை வங்கி வழியாக அனுப்பினால், வந்து சேரும் பணம் எதற்காக என்று நம் வங்கி கேட்டு, ரிசர்வ் வங்கியின் அந்நியச் செலாவணி விதிப்படி அதற்குரிய குறியீட்டோடு பதிவு செய்த பிறகே கணக்கில் சேர்க்கும். அந்தத் தொலைபேசி அழைப்பை யாரும் எடுக்காததால் பணம் நாட்கணக்கில் நின்றதும் உண்டு. கிரிப்டோ நாணயத்தில் கொடுக்கிறேன் என்று வருபவர்களுக்கு, எங்கள் போன்ற சிறு சங்கங்கள் பணிவாக மறுப்பதே நல்லது. 2022 அக்டோபரில் அது நிதிப் பொருளாக அறிவிக்கப்பட்டு நிதிச் சேவை நடத்தை ஆணையத்தின் பார்வைக்குள் வந்துவிட்டாலும், விலை ஏறி இறங்கும் ஒன்றை வைத்துத் தொட்டி வாங்கும் கணக்கைப் போட முடியாது.

வாய்க்கால் எதுவானாலும், ஒவ்வொரு செலுத்தலும் இன்னாருடையது என்று தெரிய வேண்டும். எங்கள் முதல் முயற்சியில் குறிப்புச் சொல்லாக “தொட்டி” என்று போடும்படி எல்லோரிடமும் சொன்னோம். வங்கி அறிக்கையில் நூற்றுக்கணக்கான வரிகள், எல்லாவற்றிலும் தொட்டி, தொட்டி, தொட்டி. ஒரே நாளில் 500 ராண்ட் வீதம் அனுப்பிய பதினோரு பேரில் யார் யார் என்று கண்டுபிடிக்கவே மூன்று மாலைகள் போயின. இப்போது ஒவ்வொருவரும் தம் கைப்பேசி எண்ணின் கடைசி ஆறு இலக்கங்களைக் குறிப்பாகப் போட வேண்டும் என்று சொல்கிறோம். அது அவர்களுக்கு மனப்பாடம், நமக்கும் தேட எளிது.

பணம் கட்டிய சான்று என்று காட்டப்படும் கைப்பேசித் திரையின் படத்தை நம்பாதீர்கள். ஒரு விழா மாலையில், நன்றாக உடுத்திய ஒருவர் என்னிடம் வந்து, “அண்ணா, ஐயாயிரம் போட்டுட்டேன், பாருங்க” என்று கைப்பேசியை நீட்டினார். வங்கியின் நிறம், சின்னம், தேதி, நேரம், எங்கள் கணக்கு எண் எல்லாம் சரியாக இருந்தன. ஒலிபெருக்கியில் அவர் பெயரைச் சொல்லி நன்றி கூறினேன். விழாவில் வைத்திருந்த இரண்டு பரிசுக் கூடைகளையும் கொடுத்தனுப்பினோம். அந்தப் பணம் வரவே இல்லை. நம் கணக்கின் இருப்பு கூடினால்தான் பணம் வந்தது என்று பொருள். சான்றுத் தாளோ குறுஞ்செய்தியோ எதுவும் அதற்கு ஈடாகாது. அதன்பின் விழா நாட்களில் கணக்கைப் பார்க்கும் உரிமை மட்டும் உள்ள ஒருவரை, பணம் அனுப்பும் உரிமை இல்லாமல், மேசையில் உட்காரவைக்கிறோம்.

இன்னொரு மோசடி கண்ணுக்கே தெரியாது. திருடிய கார்டு எண்கள் வேலை செய்கின்றனவா என்று பார்ப்பதற்குத் திருடர்கள் நன்கொடைப் பக்கங்களைப் பயன்படுத்துவார்கள், ஏனெனில் அங்கே எவ்வளவு சிறிய தொகையும் கட்டலாம், பொருள் அனுப்ப முகவரியும் வேண்டாம். அதிகாலை இரண்டு மணிக்கு, நிமிடத்துக்கு நான்கு வீதம், பத்துப் பத்து ராண்டாக, பெயர் தெரியாதவர்களிடமிருந்து நன்கொடை குவிந்தால் மகிழ வேண்டாம். கேட்வே நிறுவனத்தை உடனே அழையுங்கள். கார்டின் சொந்தக்காரர் மறுத்தால் சார்ஜ்பேக் என்ற பெயரில் பணமும் திரும்பிப்போகும், அதற்குத் தனிக் கட்டணமும் நம் தலையில் விழக்கூடும். ஓடிபி கேட்கும் சரிபார்ப்பை எப்போதும் இயக்கத்தில் வைப்பதும், குறைந்தபட்சத் தொகை ஒன்றை நிர்ணயிப்பதும், செலவுக்கு எடுக்குமுன் சில நாட்கள் பொறுப்பதும் பாதுகாப்பு.

பக்கத்தில் எழுதுவது

எழுதுவதைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. என்ன வாங்கப்போகிறோம், எவரிடம் எத்தனை விலைப்புள்ளி வாங்கினோம், எப்போது வேலை முடியும், யார் பொறுப்பு என்பவை முதல் பத்து வரிக்குள் வந்துவிட வேண்டும். பெரிய காணொளி வேண்டாம். முன்கட்டண டேட்டாவில் பக்கத்தைத் திறப்பவர்கள் நம் மக்களில் பலர். ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டியிருக்கும், ஏனெனில் இங்குள்ள இளைய தலைமுறைக்குத் தமிழ் படிக்க வராது. ஆனால் தமிழ் படிக்கத் தெரிந்த முதியவர்களுக்காக அரைப்பக்கத் தாள் ஒன்றை அச்சிட்டுக் கோயிலில் வைத்தபோது கிடைத்த ஆதரவை நாங்கள் எதிர்பார்க்கவில்லை.

ஆனால் படங்களைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். நோயாளியின் மருத்துவ விவரமும் குழந்தையின் படமும் 2021 ஜூலை முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்த போப்பியா என்னும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் கடுமையான பகுதிக்குள் வருகின்றன. ஒப்புதல் வேண்டும், குழந்தையானால் பெற்றோரோ பாதுகாவலரோ தர வேண்டும்; அதை எழுத்தில் வாங்கி வைப்பது நல்லது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். கையில் தட்டோடு நிற்கும் குழந்தையின் படம் இணையத்தில் ஏறினால், அந்தக் குழந்தை கல்லூரிக்குப் போகும்போதும் அது அங்கேயே இருக்கும். நாங்கள் காலித் தொட்டி மேடையையும் வறண்ட குழாயையும் படமெடுத்தோம்; நன்கொடை குறையவில்லை. வரி ரசீதுக்காகச் சேர்த்த அடையாள எண்களும் இதே சட்டத்துக்கு உட்பட்டவை. அவற்றை வாட்ஸ்அப் குழுவில் பகிராமல், கடவுச்சொல் உள்ள ஒரே கோப்பில், இரண்டு பேர் மட்டும் திறக்கும்படி வையுங்கள்.

கணக்கு ஒப்படைத்து மூடுவது

வாரம் ஒரு முறை மேடையின் பட்டியல், கேட்வேயின் செட்டில்மெண்ட் அறிக்கை, வங்கி அறிக்கை ஆகிய மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒத்துப்பாருங்கள். கேட்வே பல நன்கொடைகளை ஒன்றாகச் சேர்த்து, கட்டணத்தைக் கழித்து, ஒரே தொகையாக வங்கியில் போடும். அதனால் மூன்றும் ஒரே எண்ணைக் காட்டா. வேறுபாட்டுக்குக் காரணம் எழுதப்பட்டிருந்தால் போதும். இதை வாரந்தோறும் செய்தால் அரை மணி நேரம், கடைசியில் சேர்த்துச் செய்தால் இரண்டு மாதம்.

செலவை இயன்றவரை கடைக்காரருக்கோ மருத்துவமனைக்கோ நேராகக் கட்டுங்கள். இன்வாய்ஸின் படத்தை, தனி மனிதர் விவரங்களை மறைத்து, பக்கத்தில் ஏற்றுங்கள். தொட்டி வந்து இறங்கிய நாளில், முதல் மழைக்குப் பின், பள்ளித் தலைமையாசிரியர் குழாயைத் திறந்து வாளியில் நீர் பிடிப்பதைப் பத்து நொடிக் காணொளியாக எடுத்து எல்லோருக்கும் அனுப்பினோம். அதைப் பார்த்துவிட்டு, ஏற்கெனவே கொடுத்தவர்களில் பலர் அடுத்த தொட்டி எந்தப் பள்ளிக்கு என்று கேட்டார்கள்.

மிஞ்சிய பணத்தைப் பற்றி முன்பே எழுதி வைத்திருந்தால் சங்கடம் இல்லை. எழுதாவிட்டால், கொடையாளர்களிடம் கேட்டு, அதே நோக்கமுள்ள வேறு பணிக்குத் திருப்பிவிடுங்கள். கணக்கு ஏடுகளையும் ரசீதுகளின் நகல்களையும் ஐந்து ஆண்டு காக்க வேண்டும். அதன்பின் பக்கத்தை மூடி, கடைகளில் ஒட்டியிருக்கும் கியூஆர் தாள்களை ஒவ்வொன்றாகப் போய் உரித்துவிட்டு வாருங்கள். முடிந்துபோன பணிக்குத் தொடர்ந்து பணம் வருவதையும், நம் தாளின் மேல் வேறொருவர் தம் குறியீட்டை ஒட்டிவிடுவதையும் தடுக்க வேறு வழியில்லை. எந்தெந்தக் கடையில் ஒட்டினோம் என்ற பட்டியலை ஒட்டும் நாளிலேயே எழுதி வையுங்கள். எங்களிடம் அது இல்லாததால், ஓராண்டு கழித்தும் ஒரு ரொட்டிக் கடையின் கண்ணாடியில் எங்கள் தாளைப் பார்த்தேன்.